கொடும்பாவிக்குக் கொடுத்த கோட்டு

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி. இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். நாற்காலிக்கு ஒன்றும் இல்லை, நான்கு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. முப்பத்தோரு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலி அது. இப்போது நானும் அதில் உட்காருவதில்லை. அவ்வளவுதான்.

பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் சொன்னான். உலகக் கோப்பை நெருங்கினால் யாராவது ஒருவர் இந்த மைதானத்துக்கு வருவார். வியாசர்பாடியில் பந்து மேல் ஏன் இத்தனை பைத்தியம் என்று கேட்பார். நானும் ஏதாவது சொல்வேன். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீங்கள் வேறு கேள்வி கேட்கிறீர்கள். உலகக் கால்பந்தை நடத்துகிற ஃபிஃபா அதிகாரிகளைக் கைது செய்தார்களே, அப்போது இங்கே இருக்கிற ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்கள். ஏழு வருஷம் கழித்து அதை ஏன் கேட்கிறீர்கள்? யாராவது உங்களிடம் ஏதாவது சொன்னார்களா?

இல்லையா. சரி.

என் பெயரைப் போடக் கூடாது. ‘ஒரு மூத்த ரசிகர்’ என்று போடுங்கள். இந்தப் பக்கம் துளசிங்கம் என்றால் நான் ஒருவன்தான். நீலக்கொடி கால்பந்துக் கழகத்துக்கு நான்தான் செயலாளர். எல்லோருக்கும் ‘செக்ரட்டரி’. கோபம் வந்தால் என் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்றைக்குப் புதன்கிழமை. 2015, மே இருபத்தேழு. கத்திரி வெயில். மத்தியானம் டீக்கடை டிவியில் செய்தி வந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு பெரிய ஓட்டல். விடிகிற நேரத்தில் போலீஸ் போய் அதிகாரிகளை அறையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கேமரா பார்த்துவிடக் கூடாது என்று ஓட்டல் ஆட்கள் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளை விரிப்பு. அதற்குப் பின்னால் ஆள் போகிறார். நமக்கு ஆள் தெரியவில்லை. விரிப்பு தானாக நடந்து போய்க் காரில் ஏறுகிற மாதிரி இருந்தது. அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அன்றைக்கு டீக்கடையில் ஒருவரும் சத்தம் போடவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லாம் ரசிகர்கள் கொதித்தார்கள் என்றுதான் எழுதுவீர்கள். கொதிக்கவில்லை. வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகு எப்படி இருப்பார்கள், அப்படி இருந்தார்கள்.

லோகு என்று ஒரு பையன். பையன் என்ன, நாற்பது வயது இருக்கும். ஆட்டோ ஓட்டுகிறான். இங்கே போட்டி நடந்தால் அவன்தான் மைக் பிடிப்பான், அதனால் மைக் லோகு. பிரேசில் கட்சி. 2006-இல் பிரேசில் தோற்றபோது மூன்று நாள் ஆட்டோ எடுக்காமல் படுத்துக் கிடந்தவன். அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அப்போ நான் அழுதனே செக்ரட்டரி, அதுக்கு இன்னா அர்த்தம்?”

“ஆட்டத்துல தில்லுமுல்லுன்னு யாரும் சொல்லலடா,” என்றேன். “எந்த நாட்டுல போட்டி நடத்தறது, டிவிய யாருக்குக் குடுக்கறது, அந்த மாதிரி விஷயத்துல கை நீட்டிட்டானுங்க. பந்து பந்தாத்தான் ஆடியிருக்காங்க.”

“உள்ள யாரு வரணும்னு வெளிய குந்திக்கினு ஒருத்தன் வாங்கிக்கினு எழுதறான். அப்புறம் உள்ள ஆடறது மட்டும் எப்படி ஆட்டமாவும்?”

அவன் பொதுவாகத்தான் சொன்னான். என்னைச் சொல்லவில்லை. அவனுக்கு என்ன தெரியும்?

இங்கே பிரேசில் தெரு, அர்ஜென்டினா தெரு என்று உண்டு. உலகக் கோப்பை மாதத்தில் அண்ணன் தம்பிகூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்த வாரம் இரண்டு தெருவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் கொடும்பாவி கட்டி இழுத்து, சாவு மேளம் அடித்து, ஒப்பாரி வைத்து எரிப்பது என்று முடிவாயிற்று. அரசியல் கட்சிக்காரர்கள் செய்கிற அரைகுறை வேலை இல்லை. முறைப்படி ஒரு சாவு.

“ஆளு எப்படிடா இருப்பான்?” என்றான் ஒருவன்.

“வெள்ளக்காரன் மாரிதான். கோட்டு போட்டிருப்பான்.”

“கோட்டுக்கு எங்கடா போறது?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த நான்கு தெருவிலும் கோட்டு வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான். கழக ஆண்டு விழாவில் ஒவ்வொரு வருஷமும் அதைப் போட்டுக்கொண்டுதான் மேடையில் உட்காருவேன். சாம்பல் நிறம், நான்கு பட்டன். தொப்பை போட்ட பிறகு பட்டன் போட முடியவில்லை, ஆனாலும் போட்டுக்கொள்வேன்.

நானே கொடுத்தேன் தம்பி. யாரும் கெஞ்சிக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து எடுத்துவந்து என் கையாலேயே கொடுத்தேன். மனசில் ஏதாவது இருக்கிறவன் அப்படிக் கொடுப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது வேறு மாதிரி சொல்வார்கள். அது 1989-இல் தைத்தது. அப்போது வட்டார லீக் என்று ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்துக் கழகங்கள் எல்லாம் சேர்ந்தது. அதிலிருந்து பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பையன்களைத் தேர்ந்தெடுத்துக் கல்கத்தாவுக்கு ஒரு போட்டிக்கு அனுப்பினோம். தேர்வுக் குழுவுக்கும் நான்தான் செயலாளர். அணிக்கு மேனேஜரும் நான்தான். கல்கத்தாவில் எல்லா ஊர் மேனேஜர்களும் கோட்டு போட்டு வருவார்கள், நம் ஊர் ஆள் மட்டும் சட்டையோடு நிற்கலாமா என்று இங்கே மரம் விற்கிற மரவாடிக்காரர் ஒருவர் துணி எடுத்துக் கொடுத்தார். துணி மட்டும்தான் அவர் கொடுத்தது. தையல் கூலி நான்தான் கொடுத்தேன். மரவாடிக்காரர் மகன் அந்த அணியில் இருந்தான் என்பது உண்மை. அவனும் மோசமான ஆட்டக்காரன் இல்லை.

அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பையன்கள் வைக்கோல் அடைத்து உடம்பு கட்டினார்கள். தலைக்கு ஒரு பழைய பந்து. கிழிந்த பந்தில் துணி அடைத்து, மார்க்கர் பேனாவால் கண், மூக்கு எல்லாம் வரைந்தார்கள். கண்ணாடியும் வரைந்துவிட்டார்கள். நானும் கண்ணாடி போடுகிறவன்தான். உலகத்தில் கண்ணாடி போடுகிறவர்கள் எத்தனையோ பேர். கோட்டை மாட்டி, நான்கு பட்டனையும் போட்டு, பொணத்தை உட்காரவைக்க ஒரு நாற்காலி வேண்டும் என்று உள்ளே போய் அதோ அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் நாற்காலி, என் கோட்டு, கண்ணாடி. தூரத்திலிருந்து வந்த என் மனைவி, “நீங்க இங்க இருக்கீங்க, அங்க குந்தியிருக்கறது யாரு?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒப்பாரிக்குச் சலோமியைக் கூப்பிட்டுவந்தார்கள்.

நீங்கள் வரும்போது பஸ் ஸ்டாப் மூலையில் பஜ்ஜி போடுகிற ஒரு அம்மாளைப் பார்த்திருப்பீர்கள். நீல முக்காடு போட்டிருப்பாள். அவள்தான். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் சாவு என்றாலும் அவள் குரல் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போகிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு என்று பார்க்க மாட்டாள். வந்தவள் கொடும்பாவியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“செத்தவன் யாருன்னு தெரியாம எப்படிடா பாடறது? இன்னா துன்னுவான், இன்னா உடுத்துவான், யார வாழவெச்சான், யாரக் கெடுத்தான்? நாலு சேதி சொன்னாத்தானே எனக்குப் பாட்டு வரும்.”

லோகுதான் சொன்னான். “பந்தாட்டத்துக்கே பெரிய ஆளுங்கக்கா. ஆடற இடத்த வித்துட்டானுங்க. போலீஸ் வந்து தூக்கிக்கினு போச்சு. படுக்கை விரிப்ப வெச்சு மறைச்சுக் கூட்டினு போனாங்க.”

“விரிப்பா?”

“வெள்ளை விரிப்பு. மானம் போயிடக் கூடாதுன்னு.”

அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மேளம் நின்றது. அவள் ஆரம்பித்தாள்.

“ஏழு கடல் தாண்டி எழவு வந்து சேர்ந்ததய்யா
ஏசி ரூமுக்குள்ள எமன் வந்து நின்னானோ
பஞ்சு மெத்தை விட்டெறங்கி பாதித் தூக்கக் கண்ணோட
பல்லுகூட வெளக்காம படியெறங்கிப் போனீரோ”

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லோகு நாற்காலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு மைக்கில் பொணம் மாதிரி பேச ஆரம்பித்தான். “பல்லு வெளக்க டைம் குடுக்கலம்மா.” சிரிப்பு இன்னும் கூடியது. அவள் விடவில்லை.

“வெள்ளை விரிப்பு கட்டி வேடிக்கைய மறைச்சாங்க
உள்ள மறைஞ்ச ஒன்ன ஊரு பார்த்துப் போச்சுதய்யா”

பாடிக்கொண்டே கோட்டின் முன்பக்கத்தைப் பிடித்தாள். செத்தவர் துணியைப் பிடித்துக்கொண்டு அழுவது வழக்கம்தான். அவள் விரல் ஒரு பட்டனைத் தொட்டது. தொட்டு, திருப்பியது. பட்டனுக்கு அடியில் இருக்கிற நூலைத் தடவிப் பார்த்தது. அடுத்த பட்டனுக்குப் போனது. அதையும் திருப்பியது.

பாட்டு நின்றுவிட்டது.

இங்கே நான் எபினேசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் புரியாது.

எபினேசர் சலோமியின் தம்பி. எபி என்போம். இடது கால் பையன். அந்தக் காலைப் போல் ஒரு கால் இந்த மைதானத்தில் நான் பார்த்ததில்லை. இடது ஓரத்தில் பந்து அவன் காலுக்கு வந்தால் சுற்றி நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்பா இல்லை. சலோமிக்கு அப்போது இருபது வயது, மெயின் ரோட்டில் பாஷா பாய் தையல் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டுகிற வேலை. அவள் சம்பளத்தில்தான் அவன் ஷூ வாங்கினான்.

கல்கத்தா அணியில் அவன் இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. விதிப்படி கார்ப்பரேஷன் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவனிடம் சர்ச்சில் கொடுத்த ஞானஸ்நான சர்ட்டிபிகேட்தான் இருந்தது. மற்ற பையன்களிடமும் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்தான் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மற்றவர்களிடம் குழு கேட்கவில்லை. கேட்காத விஷயத்தில் குறை எப்படி வரும்? விதி விதிதான். மினிட்ஸ் நோட்டில் அப்படித்தான் எழுதினேன், இன்றைக்கும் நீங்கள் பார்க்கலாம்.

பட்டியல் ஒட்டிய அன்றைக்கு எபி என்னிடம் வந்தான். இதோ, இந்த வாசற்படியில் நின்றான். அழவெல்லாம் இல்லை. “நான் இன்னும் நல்லா ஆடணுமா சார்?” என்று கேட்டான்.

“ஆமாண்டா. இன்னும் கொஞ்சம் உழைக்கணும்,” என்றேன்.

சர்ட்டிபிகேட் விஷயத்தைச் சொன்னால் சின்னப் பையன் மனசு கஷ்டப்படும். ஏழைப் பையன், நம்மிடம் ஒரு காகிதம்கூட இல்லையே என்று நினைப்பான். அதனால்தான் அப்படிச் சொன்னேன். நல்லெண்ணத்தில் சொன்னது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் தினமும் காலையில் வந்தான். தனியாகத்தான். இடது கால் நன்றாக இருக்கிறது, வலது கால்தான் சரியில்லை போலிருக்கிறது என்று அவனாக நினைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் வலது காலால் மட்டும் அடித்துக்கொண்டிருப்பான். டப், டப் என்று சத்தம் ஆபீஸுக்குள் கேட்கும். பிறகு வருவதை நிறுத்திவிட்டான். கல்கத்தாவுக்குப் போய்வந்த பையன்களில் ஐந்து பேருக்கு விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்தது. எபி துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு சுரண்டுகிற வேலைக்குப் போனான். தினக்கூலி. கப்பல் பக்கவாட்டில் கயிற்றில் பலகை கட்டி, அதில் நின்று சுரண்ட வேண்டும். 1992-இல் கயிறு விட்டுவிட்டது. இருபத்தோரு வயது.

அவனைக் கொண்டுவந்தபோது மேலே போர்த்த நல்ல துணி இல்லை. நான்தான் ஆபீஸைத் திறந்து கழகத்தின் நீலக் கொடியை எடுத்துக் கொடுத்தேன். நான்தான் போர்த்தினேன். பாடையில் முன் பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன். இதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள்.

சலோமி பட்டனைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறாள். அக்கா பாட்டை மறந்துவிட்டாள் என்று நினைத்து மேளக்காரன் ஒரு தட்டு தட்டினான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு பாடினாள். முன்பு பாடிய குரல் இல்லை. சின்னக் குரல். பக்கத்தில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும் என்பதுபோல.

“நாலு பட்டன் நான் தெச்சேன் நீல நூலு நான் கோத்தேன்
நுனி பிரியக் கூடாதுன்னு நாக்கால ஈரம் வெச்சேன்
கூடப் பொறந்த புள்ள கூடப் போற கோட்டுன்னு
ஊசி குத்திக் குத்தி உசுரக் கொட்டித் தெச்சேனே
எந்தப் பட்டனப் போட்டு எம் புள்ள பேர மூடினீரோ”

அந்தக் கோட்டுக்குக் காஜா எடுத்துப் பட்டன் கட்டியவள் அவள்தான். எனக்குத் தெரியாது தம்பி, சத்தியமாகத் தெரியாது. பாஷா பாய் கடையில் அளவு கொடுத்தேன், மூன்றே நாளில் வாங்கிவந்தேன். உள்ளே உட்கார்ந்து பட்டன் கட்டுகிறவர்களை யார் பார்க்கிறார்கள்? செக்ரட்டரி கோட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவர் கோட்டு என்று, வெளியே தெரியாமல் அடியில் கழகத்தின் நிறத்தில் நூல் கோத்திருக்கிறாள். இருபத்தாறு வருஷம் என் உடம்பில் இருந்த கோட்டு. அதில் நீல நூல் இருந்தது எனக்குத் தெரியாது.

அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கிறது. அந்தத் துணியைக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் மரவாடி ஆள். அளவு மட்டும் என்னுடையது. அப்போது அவள் அதை யோசிக்கவில்லை. பட்டியல் ஒட்டிய வெள்ளிக்கிழமைக்குப் பிறகு யோசித்திருப்பாள்.

பாட்டு முடிந்தது. அவள் பந்துத் தலையைப் பார்த்துச் சாதாரணமாகப் பேசினாள். சண்டை போடுகிற குரல் இல்லை.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம். தனக்கு ஆடத் தெரியலன்னு நெனச்சிக்கினே பூட்டான் எங்க எபி. நீங்க மொதல்ல எழுதினப்போ அவன் பேரு இருந்துச்சா, இல்லையா?”

லோகுவுக்கு இது விளையாட்டில் சேர்ந்ததுதான் என்று நினைப்பு. நாற்காலிக்குப் பின்னாலிருந்து மைக்கில் சொன்னான். “இருந்துச்சும்மா, இருந்துச்சு. மொதப் பேரே அவன்துதான்.”

கூட்டம் சிரித்தது.

அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனால் என் கோட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“நீ சொல்லாதடா லோகு,” என்றாள் சலோமி. “அவரு சொல்லட்டும்.”

அப்போதும் அவள் கொடும்பாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். என்னைப் பார்க்கவில்லை. நான் அவளுக்கு நான்கு அடி இடது பக்கத்தில் நின்றேன். ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. எனக்கு அது அரை மணி நேரம் மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது என்று லோகு பிறகு சொன்னான்.

நான் என்ன சொல்ல முடியும்? கேள்வி கொடும்பாவிக்கு.

பிறகு அவள் ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினாள். மேலிருந்து கீழே. கோட்டை உருவி, உதறி, கடையில் மடிக்கிற மாதிரி கையை உள்ளே மடக்கி மடித்து என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

“இத்த எரிக்காதீங்க செக்ரட்டரி. பட்டன்லாம் நல்லா கீது.”

வாங்கிக்கொண்டேன். அவள் கூந்தலை முடிந்துகொண்டு, மாவு கரைக்க நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

பையன்கள் கொடும்பாவியை நாற்காலியிலிருந்து தூக்கி, அதோ அந்த மூலையில் போட்டு எரித்தார்கள். கோட்டு இல்லாமல் வெறும் வைக்கோல். முறைப்படி எல்லாம் செய்தார்கள் என்றேனே, அதையும் விடவில்லை. தீ பிடித்ததும் லோகு, “திரும்பிப் பாக்காம வாங்கடா,” என்றான். சுடுகாட்டில் சொல்கிற மாதிரி. எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள்.

நான் பார்த்தேன்.

உடம்பு எரிந்துவிட்டது. பந்து எரியவில்லை. தரையில் கிடந்தது, கண்ணாடியோடு. இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது. பயப்படாதீர்கள், பைத்தியம் இல்லை. காலையில் ஆபீஸைத் திறந்து உட்கார்ந்தால் சுவரில் டப், டப் என்று கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். வாட்ச்மேனைக் கேட்டால் பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டுகிறான் என்கிறான். இருக்கலாம். தகரம் தட்டுகிறவன் இடது வலது பார்த்துத் தட்டுவானா? இது வலது கால் சத்தம். எனக்குத் தெரியும்.

சலோமி அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. பார்த்தால், “நல்லா கீறீங்களா செக்ரட்டரி?” என்பாள். அதனால்தான் நான் அந்த மூலை வழியாகப் போவதில்லை. பின்பக்கத் தெருவில் சுற்றிக்கொண்டு போகிறேன். எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

கோட்டை வீட்டில் வைக்க முடியவில்லை. ஆணியில் தொங்கினால், மின்விசிறி போட்டதும் கை ஆடும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மாளிடம் என் மனைவி போட்டு ஒரு பக்கெட் வாங்கிவிட்டாள். எனக்குத் தெரிந்ததும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கணேசபுரம் வரைக்கும் ஓடிப்போய், அந்த அம்மாளைப் பிடித்து, கோட்டைத் திருப்பி வாங்கிவந்தேன். அறுபத்தைந்து வயதில் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று மனைவி கேட்டாள். உள்பையில் ஒரு காகிதம் இருக்கிறது, அதனால் என்றேன்.

என்ன காகிதம் என்றுதானே கேட்கிறீர்கள்?

நான் காகிதத்தைத் தூக்கிப்போடுகிற ஆள் இல்லை தம்பி. செயலாளர் வேலை பார்த்தவன். எந்தக் காகிதமும் எப்போதாவது தேவைப்படும். வெள்ளிக்கிழமை ஒட்டிய பட்டியல் ஒன்று. அதற்கு முந்தின திங்கட்கிழமை, தேர்வு முடிந்த சாயங்காலம், இதே மேஜையில் நான் எழுதியது ஒன்று. இரண்டும் என் கையெழுத்துதான். திங்கட்கிழமை எழுதியது பழைய ஃபைலில் இருந்தது. கொடும்பாவி எரித்த மறுநாள் தேடி எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்தேன்.

பதினாறு பெயர். முதல் பெயர் எபினேசர். பக்கத்தில் ‘இடது’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். மற்ற யார் பெயருக்கும் அடிக்கோடு இல்லை.

லோகு எப்படிச் சொன்னான் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நல்லது. இதை எழுத வேண்டாம். அந்தச் சுவிட்சர்லாந்துக்காரர்கள் கதை வேறு, அதை எழுதுங்கள். அவர்கள் கோடிக்கணக்கில் வாங்கினார்கள். நான் மூன்று கஜம் துணி. துணி மட்டும்தான்.

நீங்கள் பஸ் ஸ்டாப்புக்குத்தானே போகிறீர்கள்? அந்த மூலையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை.

இருங்கள், அலமாரியைத் திறக்கிறேன். இப்போது கோட்டை இங்கேதான் வைத்திருக்கிறேன். பாருங்கள், ஏழு வருஷம் ஆயிற்று, அதற்கு முன் இருபத்தாறு வருஷம். ஒரு பட்டன் ஆடவில்லை. இழுத்துப் பாருங்கள்.

இந்தப் பையில் போட்டுத் தருகிறேன். அவளிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். செக்ரட்டரி கொடுத்தார் என்றால் போதும். அவள் முதலில் பட்டனைத்தான் பார்ப்பாள். அப்புறம் உள்பையில் கை விடுவாள். தையல் கடையில் வேலை செய்தவர்கள் துணி கைக்கு வந்தால் பையில் கை விட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு. முதல் பெயர்தானே, கஷ்டப்பட வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். போன வருஷம் மீட்டர் பார்க்க வந்தவரிடம் இதே பையைக் கொடுத்தேன். அதற்கு முன்னால் பள்ளிக்கூட பி.டி. வாத்தியாரிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் அந்த கேட் வரைக்கும் போனார்கள். நான் கூப்பிட்டுவிட்டேன். அவர்களும் நல்ல மனுஷர்கள், திரும்பி வந்து கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கும் நான் கூப்பிடுவேன். இப்போது பேசுகிற நான் வேறு, கேட் பக்கத்தில் நீங்கள் போகும்போது கூப்பிடப்போகிற ஆள் வேறு. ஏதாவது காரணம் சொல்வேன். எனக்கு முழங்கால் போய்விட்டது, ஓடிவந்து பிடிக்க முடியாது. காது கேட்காத மாதிரி போங்கள். வேகமாகப் போங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள்.

ம். போங்கள்.

தம்பி.

தம்பி, ஒரு நிமிஷம். துணி மட்டும்தான் அவர் கொடுத்தது. தையல் கூலி நான்தான் கொடுத்தேன். அதை எழுதி உள்ளே வைக்க மறந்துவிட்டேன். இப்படிக் கொடுங்கள், எழுதித் தருகிறேன்.

தம்பி.